சந்தூக்கின் இரண்டு ஒட்டு

6-6-1966 திங்கள்

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முத்துவீரன் வந்தார். கொழுந்து லொறியின் பின்கதவைத் தாங்கும் கொண்டி உடைந்துவிட்டதாம். தடித்த இரும்பு. பார்த்தவுடனேயே கரண்ட் வெல்டிங்தான் என்று சொல்லிவிட்டேன்.

நுஹ்மானுக்குப் பொறுக்குமா? "காஸ்ல செஞ்சா பதமா இருக்கும் மச்சான். கரண்ட் ஒட்டு பாக்கத்தான் மினுக்கம், தட்டினா பிஸ்கட் மாதிரி உடையும்" என்று வாடிக்கைக்காரர் முன்னாலேயே சொல்கிறான். என் மனைவி ஹமீமாவின் தம்பி என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடை என்னுடையது, வாய் அவனுடையது.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் அலைந்து திரிந்து இந்தப் பழைய மெஷினை வாங்கி வந்த நாளிலிருந்து இதே கதைதான். காஸ் அவன் பக்கம், கரண்ட் என் பக்கம். மெல்லிய தகடு வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். தடித்தது வந்தால் எனக்கு. இரண்டும் கெட்டான் சாமான் வந்தால் அன்று கடையில் சண்டை.

முத்துவீரன் சிரித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு சொல்லி அனுப்புங்க முதலாளி, அடுத்த வாரம் வாறேன்" என்று கொண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

9-6-1966 வியாழன்

பள்ளிவாசல் பொறுப்பாளர் ஸக்கரியா ஹாஜியார், இறந்தவர்களைச் சுமக்கும் சந்தூக்கை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். போன கிழமை ஒரு ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப்போகும்போது தலைமாட்டுப் பக்கக் குழாய் முறிந்து, மையத்து ஒரு பக்கம் சரிந்துவிட்டதாம். தோள் கொடுத்தவர்கள் எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். கால்மாட்டிலும் ஒரு வெடிப்பு இருக்கிறது. எத்தனை பேரைச் சுமந்த குழாயோ, துரு உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது.

ஹமீமா வாசலில் நின்று பார்த்தாள். "வெறும் சந்தூக்க நம்மட கூரைக்குக் கீழ வெக்க வாணாம். முத்தத்திலயே வெச்சி ஒட்டி அனுப்புங்க" என்றாள். மழை தூறுகிறது, எப்படி முற்றத்தில் வைக்க? இது கடை, வீடில்லை என்றேன். "கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கூரைதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பள்ளி லெப்பையிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இவளுக்கு எங்கிருந்து இதெல்லாம் வருகிறதோ!

10-6-1966 வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஹாஜியார் ஆள் அனுப்பினார். இன்றைக்கே வேண்டுமாம். "மவுத்து நம்மளக் கேட்டுட்டா வருது, சந்தூக்கு ரெடியா இருக்கோணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நியாயம்தான்.

நுஹ்மான் பித்தளை ஒட்டு என்றான். நான் கரண்ட் என்றேன். காஸுக்குக் காபைட் கல் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது, பெர்மிட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது, ஒரு குழாய்க்கு அதை எரிக்க வேண்டுமா? தலைமாட்டை நான் தொடங்கினேன். வெல்டிங் குச்சி தொட்டதுதான் தாமதம், குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது. முட்டை ஓடு மாதிரி அவ்வளவு மெலிவு. நுஹ்மான் விழுந்து விழுந்து சிரித்தான். கரண்டைக் குறைத்து, மெல்லிய குச்சி போட்டு, தொட்டுத் தொட்டு ஓட்டையை மூடினேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூடியது.

கால்மாட்டை அவன் செய்தான். வெங்காரம் தூவி, சுடரைத் தள்ளிப் பிடித்து, பித்தளையை உருக்கிச் சுற்றிவர ஓடவிட்டான். மோதிரம் போட்டது போல் மஞ்சளாக, வழவழவென்று வந்தது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

"யாரோட ஒட்டு முதல்ல விடும்னு பாப்போமா?" என்றான்.

"படுத்துப் பாரு, தெரியும்" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிப் படுத்தேவிட்டான். பக்கத்துத் தகரக்கடை பலீல் கால்மாட்டைப் பிடித்தார், நான் தலைமாட்டைப் பிடித்தேன். தூக்கிக் குலுக்கினோம். இரண்டு ஒட்டும் அசையவில்லை. கீழே வைத்த பிறகும் அவன் எழும்பவில்லை. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். "டேய், போதும்" என்றேன். அப்போதுதான் ஹமீமா தேத்தண்ணி கொண்டுவந்தாள். தட்டை மெஷின் மேல் வைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

நுஹ்மான் எழும்பிச் சிரித்தான். "நல்ல குளிரு மச்சான் கம்பி" என்றான். இப்போதுதான் சுடர் பிடித்த கம்பி, எப்படிக் குளிரும்? கேட்டேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

11-6-1966 சனி

சந்தூக்கு போய்விட்டது. ஹமீமா கடை முழுவதும் சாம்பிராணி போட்டாள். இன்னும் என்னோடு பேச்சில்லை.

14-6-1966 செவ்வாய்

முத்துவீரனின் கொண்டியைக் கரண்டில் ஒட்டினேன். நுஹ்மான் எதிர்த்துப் பேசவில்லை, அதிசயம்.

ஒன்றை எழுத வேண்டும். நாங்கள் மேசை வைத்துச் செய்பவர்கள் இல்லை. செங்கல்லின் மேல் சாமானை வைத்து, தரையில் குந்திக்கொண்டுதான் வேலை. முகமூடியின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் உலகமே இருட்டு. பொறியைச் சுற்றி ஒரு சாண் இடம் மட்டும் தெரியும். இன்று அந்த ஒரு சாணுக்குள், கொண்டிக்கு அந்தப் பக்கம், இரண்டு பாதம் நின்றது.

வெறுங்கால். அசையவே இல்லை. இவன்தான் வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்து, "தள்ளி நில்லுடா, கண்ணு போயிடும்" என்று கத்திவிட்டு முகமூடியைத் தூக்கினேன். யாரும் இல்லை. நுஹ்மான் தெருவுக்கு அந்தப் பக்கத்தில் பீடி வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

பொறி பட்ட கண் ஏதேதோ காட்டும். அவ்வளவுதான்.

15-6-1966 புதன்

மறுபடியும் அதே கால்.

18-6-1966 சனி

கண் எரிச்சல் என்று சொன்னேன். ஹமீமா உருளைக்கிழங்கைச் சீவி இமை மேல் வைத்துக் கட்டினாள். பேச்சும் திரும்ப வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவும் பார்த்தார். "பெரிய வெளிச்சத்தப் பார்த்தா, பார்த்த உருவம் கண்ணுல கொஞ்ச நேரம் ஒட்டிக்கிட்டு நிக்கும். பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொட்டு மருந்து கொடுத்தார்.

நல்ல விளக்கம். ஆனால் பார்த்த உருவம்தானே ஒட்டிக்கொண்டு நிற்கும்? அப்படியொரு காலை நான் எங்கே பார்த்தேன்?

21-6-1966 செவ்வாய்

பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு காஸில் ஒரு வாளி ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தரை, செங்கல், என் கை, அவ்வளவுதான். காஸ் கண்ணாடியில் சுற்றியிருப்பதெல்லாம் மங்கலாகத் தெரியும், அதனால் பயமும் இல்லை. கரண்டில்தான் அது வருகிறது.

நுஹ்மான் ஏளனமாகப் பார்த்தான். "என்ன மச்சான், கட்சி மாறிட்டீங்களா?" என்றான். வாளிக்குக் காஸ்தான் சரி, அது கூடவா எனக்குத் தெரியாது என்று எரிந்து விழுந்தேன்.

24-6-1966 வெள்ளி

இன்று தெரிந்துவிட்டது.

ஜும்ஆவுக்கு முன்னால் பள்ளியில் தண்ணீர் நிற்கும் ஹவுளின் கரையில் உட்கார்ந்து, கைகால் கழுவி வுளூ செய்துகொண்டிருந்தோம். பக்கத்தில் நுஹ்மான் காலைக் கழுவினான். இடது காலில் இரண்டாவது விரலுக்கு நகம் இல்லை. போன வருஷம் கேட் விழுந்து போன நகம், அந்த இடம் வெள்ளையாக மடிந்து கிடக்கும். தெரிந்த கால்தான். தினமும் பார்க்கிற கால்தான்.

கண்ணாடிக்குள் நிற்பதும் அதே கால்.

ஓதியது ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

27-6-1966 திங்கள்

கால் மூடும் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். கடைக்குள் இதைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்றேன். "தோட்டத்துத் தொர மாதிரி இருக்கேனா?" என்று அங்கும் இங்கும் நடந்து காட்டினான். ரம்லா வந்திருந்தாள், அவனுடைய மனைவி. மாதம் நிறைந்துகொண்டு வருகிறது, நிற்கவே கஷ்டப்படுகிறாள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன செய்ய?

29-6-1966 புதன்

நுஹ்மானை யட்டவத்தைக்கு ஒரு கேட் பூட்டுவதற்கு அனுப்பினேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து, கடையில் தனியாக, கரண்டைப் போட்டேன். அவன் ஊரிலேயே இல்லாதபோது வருகிறதா என்று பார்க்கத்தான்.

வந்தது. முன்னைவிடக் கிட்டே. குச்சியின் நுனிக்கும் அதற்கும் இடையில் நாலு விரல் இடம்கூட இல்லை. அதனால் நன்றாகப் பார்த்துவிட்டேன். இரண்டு பாதமும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கிறது. பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக்கிழிசலால் கட்டியிருக்கிறது.

மையத்துக்குக் கட்டுவதுபோல.

யா அல்லாஹ்! படுத்துப் பாரு என்று சொன்ன வாய் இது. என்னுடைய இந்த வாய். அந்தப் பையன் பாட்டுக்குப் பித்தளையை ஓடவிட்டுக்கொண்டு இருந்தான், நான்தானே சொன்னேன்.

பஸ் வரும்வரை தெருவில் நின்றேன். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினான். சேறாகிவிடுமாம்.

2-7-1966 சனி

போயா, பௌர்ணமி நாள். இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டுப் போயாவுக்கு லீவு என்று ஆக்கிவிட்டார்கள், கடை மூடியிருக்கிறது. மூடியிருப்பதே நிம்மதி.

ஹமீமாவிடம் நான் ஒன்றுமே சொல்லவில்லை. இன்று சோற்றைப் போட்டுக்கொண்டே அவளாகச் சொல்கிறாள்: "அண்டைக்கி தம்பி அதில படுத்திருக்கக்கொள்ள கால் ரெண்டும் சேந்து இருந்திச்சு. யாரோ கட்டிவெச்ச மாதிரி. எனக்கு அதுதான் நெஞ்சில நிக்கிது."

வயிறு சரியில்லை என்று எழும்பிவிட்டேன்.

8-7-1966 வெள்ளி

மெஷினைச் சாக்கால் மூடிவிட்டேன். இனி எல்லாம் காஸ்.

14-7-1966 வியாழன்

லக்கலையிலிருந்து ஒரு வயல்காரர், டிரக்டரின் இழுவைக் கொளுக்கியை நேற்றுக் கொண்டுவந்தார். விரல் தடிப்பு இரும்பு. அதைக் காஸில் ஒட்டினேன். சூடு ஏற ஏற இரும்பு முழுவதும் சிவந்து, கொளுக்கி ஒரு பக்கம் வளைந்துவிட்டது. காபைட் தீர்ந்ததுதான் மிச்சம். நுஹ்மானே சொன்னான்: "இதுக்குக் கரண்ட்தான் மச்சான் சரி. நானே சொல்றேன்னா பாத்துக்கங்க. ஏன் மெஷின மூடி வெச்சிருக்கீங்க?"

கண்ணுக்கு ஆகவில்லை என்றேன்.

"அப்ப எனக்குப் பழக்கித் தாங்க. நான் செய்றேன்."

வேண்டாம் என்று கத்தினேன். பலீல் தன் கடையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பையன் முகம் சுருங்கிப்போனது.

19-7-1966 செவ்வாய்

முத்துவீரன் இன்னொரு வேலை கொண்டுவந்தார், தோட்டத்து வண்டி அச்சு. மெஷின் மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பப் போனார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதலாளி, உங்க மொகம் சரியில்லையே. எங்க பக்கம் பயந்த ஆளுங்க இப்படித்தான் இருப்பாங்க" என்றார். நான் பயந்த ஆளில்லை என்றேன். நம்பவில்லை.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வந்தது. லொறி ஹோர்ன் அடித்தது, போய்விட்டார்.

23-7-1966 சனி

மூடி வைத்தால் மட்டும் என்ன? நான் பார்க்காவிட்டால் அது நிற்காமல் இருக்குமா? சாக்கை எடுத்துவிட்டு ஒரே ஒரு குச்சி எரித்தேன்.

நின்றது. இப்போது குதிகால் தரையில் படவில்லை. விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு, தொங்கவிட்டதுபோல. தூக்கத் தொடங்கிவிட்டார்களா?

ரம்லாவுக்குப் பிள்ளை கிடைக்க இன்னும் சில வாரம்தான்.

25-7-1966 திங்கள்

முடிவெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் மிகச் சாதாரணமான விஷயம். தப்பான இடத்தில் ஒட்டு விழுந்தால் என்ன செய்வோம்? அறுத்து எடுத்துவிட்டு, சரியான துண்டை அந்த இடத்தில் வைத்து ஒட்டுவோம். அவ்வளவுதானே.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஒட்டு எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று ஹாஜியாரிடம் சந்தூக்கு இருக்கும் கொட்டில் சாவி கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு ஜைனுதீன், போன கிழமையும் தூக்கினமே" என்றார். பரவாயில்லை, பார்க்கிறேன் என்றேன்.

பள்ளிக்குப் பின்னால் உள்ள கொட்டில். மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். என் ஒட்டு கறுத்து, புடைத்து நிற்கிறது. அவனுடைய பித்தளை இன்னும் மினுங்குகிறது. செருப்பைக் கழற்றினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறிப் படுத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கம்பி குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை. இப்போதுதான் யாரோ எழும்பிப் போன பாயைப் போல் இளஞ்சூடாக இருந்தது. நல்ல பயம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஹமீமாவை நினைத்தேன், அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? பிள்ளையும் இல்லை. எழும்பிவிடலாம் என்று வந்தது. பிறகு ரம்லாவின் வயிறு ஞாபகம் வந்தது. படுத்தே கிடந்தேன். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அந்தி மஃரிப் பாங்கு கேட்டுத்தான் எழும்பினேன்.

26-7-1966 செவ்வாய்

காலையில் முதல் வேலையாகக் கரண்டைப் போட்டேன். குச்சி முடியும்வரை எரித்தேன். இன்னொன்றும் எரித்தேன்.

ஒன்றுமே இல்லை. செங்கலும் சாம்பலும் மட்டும், என் சொந்த நிழல்கூட இல்லை. வெறும் தரை. அழுதுவிட்டேன். முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியாது.

30-7-1966 சனி

முத்துவீரனுக்குச் சொல்லி அனுப்பி, அந்த வண்டி அச்சைக் கரண்டில் ஒட்டிக் கொடுத்தேன். தரை வெறுமையாக இருக்கிறது. ஹமீமா ஆட்டிறைச்சி ஆக்கினாள், வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

17-8-1966 புதன்

ரம்லாவுக்குப் பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். நுஹ்மான் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னான், குரல் தடுமாறியது. பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "ஹமீமா ராத்தாக்கும் உங்களுக்கும்தான் மச்சான் இது முதப் பிள்ள" என்றான். ஹவ்வா என்று பெயர் வைக்கப்போகிறார்கள்.

பிள்ளையின் காலைத்தான் முதலில் பார்த்தேன். பத்து விரலும் ஒழுங்காக இருந்தது.

5-9-1966 திங்கள்

என் கண்ணில் தண்ணீர் வடிவது நிற்கவில்லை. நுஹ்மானுக்குக் கரண்ட் பழக்கத் தொடங்கிவிட்டேன். முன்னொரு நாள் கத்தியதற்கு ஈடு என்று நினைத்திருப்பான், சந்தோஷமாகக் கற்றுக்கொள்கிறான். "தடிச்சதுக்கு இதுதான், மெல்லிசுக்கு அதுதான், ரெண்டும் வேணும்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறான். இதை நான் சொன்னபோது கேட்டானா?

12-9-1966 திங்கள்

ஒரு ஜன்னல் கிராதி. நுஹ்மான் குந்திக்கொண்டு ஒட்டினான். கை நன்றாகத் திருந்திவிட்டது, கோடு நேராகப் போகிறது. நான் அவனுக்குப் பின்னால், கதவடியில், சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புப் போட்டிருந்தேன்.

பாதியில் நிறுத்தினான். முகமூடியைக் கழற்றாமலே, முன்பக்கம் பார்த்துச் சொன்னான்:

"மச்சான், வெறுங்காலோட முன்னுக்கு வந்து நிக்காதீங்க. அந்தக் கோணப் பெருவெரல்ல பொறி விழப்போகுது."

பெருவிரல் கோணல் எனக்குத்தான். சின்ன வயதில் கல் தடுக்கியது.

சுவரிலிருந்து நிமிர்ந்தேன். முகமூடியைத் தூக்கினான். முன்னால் யாரையும் காணாமல் திரும்பிப் பார்த்தான். "எப்ப பின்னுக்குப் போனீங்க?" என்றான்.

"இப்பத்தான்" என்றேன். "நீ வேலையப் பாரு."

விரல் கட்டியிருந்ததா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் பையன் பயந்துவிடுவான், கைக்குழந்தைக்காரன்.

ஹமீமாவிடம் மெஷினை நுஹ்மான் பெயருக்கு எழுதிவிடலாமா என்று கேட்டேன். ஏன் திடீரென்று என்றாள். கண் சரியில்லையே என்றேன். மஃரிபுக்கு வுளூ செய்யும்போது, இரண்டு காலையும் விரல் விரலாகக் கோதிக் கழுவினேன்.